வெந்நீர் ஊற்றிய விதை

எங்கள் தெருவில் மாடு வாங்கப் போகிறவன் கயிறு வாங்குவதற்கு முன்னால் கைராசியைப் போய்ப் பார்ப்பான். அவர் வந்து மாட்டின் முதுகைத் தடவி, வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, மடியை ஒரு தட்டுத் தட்டி, "ஓட்டிட்டுப் போ" என்றால் ஓட்டிக்கொண்டு வருவான். "ம்ஹும்" என்றால் அந்த மாடு தங்கமாகச் சாணி போட்டாலும் வாங்கமாட்டான். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது எனக்கே மறந்துவிட்டது. பால் எடுக்கிற என் கொட்டகையில் அவருடைய கேனில் 'கைராசி' என்றுதான் பெயிண்டால் எழுதி வைத்திருந்தேன். அவர் மனைவி எல்லோருக்கும் கைராசி வீட்டுக்காரம்மா. எனக்கு மட்டும் அக்கா.

என் கொட்டகைக்கும் அவர்களுடைய மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவில் பூசாத செங்கல் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் மாடு பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி என் காதால் கேட்டது. கால்வாசி அவரே வந்து என்னிடம் கொட்டியது. மீதிக் கால்வாசி நானாக யூகித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுக் கதையில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

எல்லாம் ஒரு செவலைப் பசுவால் வந்தது. கன்று போட்ட பிறகு தேறாமல், விலா எலும்பை எண்ணிவிடலாம் போல நின்றது. வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் சரிவு உண்டு. மேய்ச்சல் நிலம் என்று பேர்தான். புல் எல்லாம் வேரோடு போய், மாடுகள் அங்கே மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. கைராசி ஒரு நாள் செவலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது தேறாது. தள்ளிவிட்டுடலாம்."

"கொஞ்ச நாள் பார்க்கலாங்க" என்றாள் அக்கா.

"இருபது வருஷமா மாடு பார்க்கிறவன் நான் சொல்றேன். நீ என்னத்தைப் பார்க்கப் போறே?"

அக்கா வாக்குவாதம் பண்ணுகிறவள் இல்லை. வாயை மூடிக்கொண்டு, நினைத்ததைச் செய்துவிடுகிற ரகம். அந்த மாதம் கால்நடைப் பண்ணையில் பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். போனவள் முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு பிடி விதை கொண்டுவந்தாள். முயல் மசால் என்றாள். கடுகுக்கும் எள்ளுக்கும் நடுவில் ஒரு அளவு, பழுப்பு நிறம். பயறு ஜாதியாம், வேரில் முடிச்சு விட்டு மண்ணுக்கே சத்துக் கொடுக்குமாம், வறண்ட நிலத்திலும் படருமாம். சாக்கடைத் தண்ணீர் போகிற ஓரமாகத் தூவி வைத்தாள். முளைத்தது என்னவோ இங்கொன்றும் அங்கொன்றும்தான். ஆனால் முளைத்தது படர்ந்தது. மும்மூன்று இலையாக, மஞ்சளில் பொடிப் பூவோடு, முழங்கால் உயரத்துக்குப் புதராக வந்தது. அக்கா தினம் ஒரு அணைப்பு அறுத்து, காய்ந்த புல்லோடு கலந்து செவலைக்கு மட்டும் போட்டாள்.

இரண்டே மாதத்தில் செவலையின் முதுகில் எண்ணெய் தடவினது போல மினுமினுப்பு வந்துவிட்டது. பால் கூடியது. ஒரு நாள் காலையில் நான் சோதித்தபோது கொழுப்பு தெருவிலேயே அதிகம். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். வரிசையில் பதினைந்து பேர் நிற்கிறார்கள், நான் சத்தமாக, "யாருடைய பால் இது? கண்ணாடியில ஒட்டுது!" என்று கேட்டுவிட்டேன்.

"செவலையோடது" என்றாள் அக்கா.

"கைராசி தள்ளிவிடச் சொன்ன மாடா?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள். நாலு பேர் சிரித்தார்கள். கைராசியும் சிரித்தார். ஆனால் அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் வேறு மாதிரி வர ஆரம்பித்தார்கள். கைராசி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவன் செருப்பைக் கழற்றுவான்.

"வாப்பா. என்ன, மாடு பார்க்கணுமா?"

"இல்லண்ணே. அக்கா இருக்காங்களா?"

"எதுக்கு? எங்கிட்ட சொல்லு."

"அந்தத் தழை விஷயமாண்ணே. அவங்கதான் விவரமா சொல்லுவாங்கன்னாங்க."

இவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அக்கா சாணிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வந்தவனைப் பின்பக்கம் கூட்டிப் போவாள். இவர் நாற்காலியிலேயே இருப்பார். இது ஒரு தரம் இல்லை, வாரத்துக்கு மூன்று தரம். ஒரு நாள் பால் வண்டி டிரைவர் போகிற போக்கில், "மசால்காரி வீட்டுக்காரரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டான். அவன் ஒன்றும் குத்திச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

கைராசி என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"கேட்டியா தம்பி? நான் மசால்காரி வீட்டுக்காரனாம்."

"விடுங்கண்ணே. அக்காவுக்குப் பேர் வந்தா உங்களுக்கு வந்த மாதிரிதானே?"

"அப்படியா? உன் பொண்டாட்டி வந்து இந்தக் கண்ணாடிக் குழாயைப் பிடிச்சுப் பார்த்து, உன்னைவிட நல்லாச் சொல்றான்னு எல்லாரும் அவகிட்ட பால் ஊத்தட்டும். அப்ப வந்து இதே வார்த்தையைச் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். எனக்கும் வயிறு எரியும்.

வீட்டுக்குள் அவர் குத்தலாகவே பேச ஆரம்பித்துவிட்டார். சுவர் வழியாக எனக்கு ஒன்று விடாமல் வரும். "மாட்டுக்குத் தழை போட்டா பால் வரும்னு கண்டுபிடிச்சுட்டா. அடுத்தது சூரியன் கிழக்கால உதிக்குதுன்னு கண்டுபிடிப்பா." அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சிரிப்பாள். அவளுக்கு அது கேலியாகப் பட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரிந்தது, கூடவே இருந்தவளுக்குத் தெரியவில்லை.

மழைக்கு முன்னால் அக்கா கேட்டாள். "ஏங்க, சரிவு பூராவும் போட்டுடலாமா? மூணு மாட்டுக்கும் ஆகும். காசு குடுத்துத் தீவனம் வாங்க வேண்டாம்."

"போடு, போடு. ராணி சொன்னா மறுப்பேது?"

சரிவு முழுவதையும் கொத்துவதற்குப் பதினோரு நாள் ஆனது. கல் பொறுக்கியது அக்கா. முள் வெட்டி வேலி கட்டியதும் அவள்தான். வெயிலில் உள்ளங்கை தோல் உரிந்து, கேன் பிடிக்கும்போது துணி சுற்றிக்கொண்டு வருவாள். பண்ணையில் போய் நாலு கிலோ விதை வாங்கி வந்தாள். அன்றைக்குப் பண்ணை டாக்டரம்மா லீவு. விதையை எடுத்துக் கொடுத்த வாட்ச்மேன், "ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு விதைங்கம்மா, போதும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

மேகம் இறங்கி நின்றது. மறுநாள் விதைப்பு என்று முடிவு. ராத்திரி பெரிய பேசினில் விதையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டாள். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு, விதையில் பிசைகிற மருந்துப்பொடி வாங்க முக்குக் கடைக்குப் போனாள். அடுப்பில் மாட்டுத் தவிட்டுக்காக ஒரு குண்டான் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் கைராசி மட்டும்தான்.

அவர் கேன் மூடி என்னிடமே தங்கிவிட்டது. அதைக் கொடுக்கலாம் என்று போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தடதடவென்று சத்தம். தண்ணீரைக் கொட்டுகிற சத்தம், குழாயைத் திறக்கிற சத்தம். ரொம்ப நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. மனிதருக்கு முகமெல்லாம் வேர்வை. வலது கை விரல் நாலும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன.

"என்னண்ணே கையில?"

"ஒண்ணுமில்ல. ஆவி பட்டுடுச்சு."

மத்தியானம் வெறும் கொட்டகையில் வந்து உட்கார்ந்தார். சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"பண்ணிட்டேன் தம்பி."

"என்னத்தை?"

"அந்தக் கொதிக்கிற தண்ணியை அப்படியே விதை மேல ஊத்திட்டேன். நாலஞ்சு நிமிஷம் இருந்திருக்கும். நீ வந்து கதவைத் தட்டவும் பதறிப்போய் வடிச்சுக் கொட்டிட்டு, பச்சைத் தண்ணியை நிரப்பி வெச்சுட்டேன். போதும், அவிஞ்சிருக்கும். வெந்த விதை எங்க முளைக்கும்?"

வேரில் வெந்நீர் ஊற்றுகிறவன் என்று பேச்சுக்குச் சொல்வோம். நிஜமாகவே ஊற்றின ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்னண்ணே இது? பதினோரு நாள் கொத்துன நிலம். கை உரிஞ்சு கிடக்கு அக்காவுக்கு."

"தெரியும்டா! எனக்குத் தெரியாதா?" என்று கத்தினார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "ஒரு வருஷம் முளைக்காம போகட்டும். அவ்வளவுதான். பண்ணைக்காரங்க குடுத்தது கெட்ட விதைன்னு போயிடும். அவளை யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க. எல்லாம் பழையபடி ஆயிடும்."

நான் உடனே எழுந்து போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புருஷன் பொண்டாட்டி நடுவில் நமக்கென்ன வேலை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு கேன்களைக் கழுவினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கஞ்சியில் பொடியைக் குழைத்து விதையில் பிசைந்துகொண்டிருந்தாள். "ஏங்க, நல்லா ஊறியிருக்கு பாருங்க, உப்பிப்போய் இருக்கு" என்று அவரைக் கூப்பிட்டாள். நிழலில் உலர்த்தி, மணலோடு கலந்து, சாயங்காலம் சரிவு முழுக்க அவளே நடந்து நடந்து தூவினாள். இருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அப்புறம் ஒரு வாரம் கைராசி தினமும் காலையில் சரிவுக்குப் போய்ப் பார்த்தார். ஆறுதல் சொல்வதற்கு முகத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆறாம் நாள் வரை மண் மண்ணாகவே இருந்தது. ஏழாம் நாள் காலையில், பால் வண்டி போன கையோடு, என் கொட்டகைக்குள் வந்து நின்றார். பேய் அறைந்தவர் மாதிரி இருந்தார்.

"முளைச்சிருச்சுடா."

"எது?"

"அதான். பூராவும்! கால் வைக்க இடமில்ல. போன தடவை சும்மா தூவுனது பத்துக்கு ஒண்ணு முளைக்கல. இது எப்படிடா? கொதிக்கக் கொதிக்க ஊத்துனேனே!"

எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மாசக்கணக்கில் அந்தப் பச்சை அவர் கண் முன்னாலேயே வளர்ந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். அந்தக் கையைத் தட்டிவிடுவார்.

மூன்று மாதம் கழித்துக் கால்நடை டாக்டரம்மா நேரில் பார்க்க வந்தார். தெருவே சரிவில் கூடிவிட்டது. முழங்கால் வரை மசால், நடுநடுவே புல், அதில் மூன்று மாடும் தலையைத் தூக்காமல் மேய்கின்றன. டாக்டரம்மா ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் திருப்பிக் காட்டினார். வேரில் சின்னச் சின்ன முடிச்சு.

"அருமை! வெந்நீர் பக்குவம் ரொம்பச் சரியாப் பண்ணியிருக்கீங்கம்மா. எத்தனை நிமிஷம் வெச்சீங்க?"

அக்கா விழித்தாள். "வெந்நியா? இல்லைங்களே. பச்சைத் தண்ணியிலதான் ஊறப் போட்டேன்."

"இருக்காதே. இந்த விதைக்குத் தோல் கெட்டி. சூடு தண்ணி பட்டாத்தான் தோல் விடும். பச்சைத் தண்ணிக்குப் பத்துல ஒண்ணுகூட வராது."

"சத்தியமா பச்சைத் தண்ணிதாங்க. உங்க வாட்ச்மேன் அப்படித்தான் சொன்னாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப ஒண்ணுதான் சொல்லணும். உங்களுக்கு நல்ல கைராசி!"

"ஆமா! இனிமே அக்காதான் கைராசி!" என்று கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதருக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. எல்லாம் போய், கடைசியில் மிச்சமிருந்த பெயரும் போகிறது.

"நான்தான் ஊத்துனேன்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"வெந்நியை நான்தான் ஊத்துனேன். கொதிக்கக் கொதிக்க. அவளுக்குத் தெரியாது. அவ கடைக்குப் போயிருந்தா. வேணும்னா இவனைக் கேளுங்க!" என்று என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

"அப்படிப் போடுங்க!" என்றார் டாக்டரம்மா. "எங்க ஆளே சொல்லாததை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அனுபவம்ங்கறது இதுதான்." இரண்டாவது தரம் கை தட்டினார்கள். டிரைவர் அவர் தோளைத் தட்டி, "கைராசின்னா கைராசிதான்" என்றான். கைராசி எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அக்கா கை தட்டவில்லை. அவரை ஒரு நொடி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மாட்டைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நாற்காலிக்கு மவுசு வந்துவிட்டது. வருகிறவர்கள் மறுபடியும் அவரைக் கேட்டார்கள். அவரும் சும்மா சொல்லவில்லை. முதல் வாரம், "ஏதோ தோணுச்சு, ஊத்துனேன்" என்றார். இரண்டாம் வாரம், "விதையைக் கடிச்சுப் பார்த்தேன், தோல் கெட்டின்னு பல்லுக்குத் தெரிஞ்சது" என்றார். மூன்றாம் வாரத்தில் அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சாப்பிட்ட தட்டை எடுப்பாள், மாட்டைப் பார்ப்பாள், போய்விடுவாள். அந்த மூன்று வாரமும் சுவர் வழியாக அவள் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் முட்டைக்காரம்மா வந்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு மாடும் கொஞ்சம் கோழியும்தான் பிழைப்பு. கையில் விதைப் பை. நானும் கேன் எடுக்க அங்கே போயிருந்தேன்.

"கைராசியண்ணே, எப்படிப் பண்ணணும்னு சொல்லுங்க. ஒரே ஒரு கிலோதான் குடுத்தாங்க. வீணாக்கிடக் கூடாது."

"அது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. அடுப்புல வெச்சு நல்லாக் கொதிக்க விடு. விதையை அதுலயே போட்டுடு. தண்ணி தானா ஆறட்டும்."

அக்கா தொழுவத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்படிச் செஞ்சுடாதீங்கம்மா. அவிஞ்சு போயிடும். கொதிச்ச தண்ணியை இறக்கி வெச்சு, ஆவி கொஞ்சம் அடங்கட்டும். கை வைக்க முடியாத சூடு இருக்கும்போதே விதையைப் போடுங்க. நாலு நிமிஷம். உடனே வடிச்சுட்டுப் பச்சைத் தண்ணியை ஊத்துங்க. டாக்டரம்மாவை நேர்ல பார்த்துக் கேட்டுட்டு வந்தேன்."

கைராசிக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. "ஊத்துனவன் நான் இங்க உக்காந்திருக்கேன். நீ என்ன நடுவுல? உனக்கென்ன தெரியும்?"

முட்டைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாலு நிமிஷம்" என்று அக்கா மறுபடி சொன்னாள். வந்தவள் தலையாட்டிவிட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

அக்கா அரிவாளைச் சுவரில் சாத்திவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள். நான் இருப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"எதுக்கு ஊத்துனீங்க?"

"முளைக்கட்டும்னுதான்…"

"ஏங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவர் தோள் தொய்ந்துவிட்டது.

"அவிஞ்சு போகட்டும்னு" என்றார்.

"தெரியும். கூட்டத்துல நீங்க கத்துனப்பவே தெரியும். உங்களைத் தலை குனிய வெக்க வேணாம்னு பேசாம இருந்தேன். இப்ப அந்தப் பாவப்பட்டவளோட விதையையும் வேக வைக்கப் பார்க்கிறீங்களே, அதான் கேட்டேன்."

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல" என்றார். "வாசல்ல வந்து நின்னு உன்னைக் கேப்பானுங்க. நான் இங்கயே உக்காந்திருப்பேன். ஆளே இல்லாத மாதிரி தாண்டிப் போவானுங்க. பொறுக்கல. நிஜமாவே பொறுக்க முடியல. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை.

"எனக்கு மட்டும் எப்படி இருந்திருக்கும்? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இருபத்திரெண்டு வருஷம் இதே வாசல்ல நின்னு உங்களைத்தான் கேட்டாங்க. கைராசி இருக்காராம்மா, கைராசி வந்துட்டாராம்மா. ஒருத்தர்கூட என் பேர் என்னன்னு கேக்கல. நானும் உள்ளதான் இருந்தேன், அடுப்புப் பக்கத்துலதான் இருந்தேன். ஒரு நாளாவது உங்க பேர் அவியட்டும்னு நான் தண்ணியைக் கொதிக்க வெச்சேனா?"